மக்கள் தொடர்புத் துறையில் முதல் வேலை: எங்கே தொடங்குவது, எதைக் காட்டுவது

வேலை விளம்பரத்தில் "புதியவர்களும் விண்ணப்பிக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரியிலேயே "ஓராண்டு அனுபவம் விரும்பத்தக்கது" என்று இருக்கும். பி.ஆர். எனப்படும் மக்கள் தொடர்புத் துறைக்குள் நுழைய நினைப்பவர்கள் பலர் இந்த இடத்திலேயே விளம்பரத்தை மூடிவிடுகிறார்கள். மூடத் தேவையில்லை. மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் இருப்பதுபோல் உரிமம், கட்டாயத் தேர்வு எதுவும் பெரும்பாலான நாடுகளில் இந்தத் துறைக்குக் கிடையாது. இதழியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். இயற்பியல் படித்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஆளெடுப்பவர் உங்கள் பட்டத்தைவிட வேறு மூன்று விஷயங்களைத்தான் துருவுவார். தெளிவாகவும் பிழையில்லாமலும் எழுத வருமா? எது செய்தி, எது செய்தியில்லை என்று தெரியுமா? கிளையன்டின் விவகாரத்தை நம்பி ஒப்படைக்கலாமா? இதில் முதல் இரண்டையும் வேலை கிடைப்பதற்கு முன்பே செய்து காட்டிவிடலாம். அந்த "ஓராண்டு அனுபவ"த்தின் உள்ளர்த்தமும் பெரும்பாலும் இதுதான்: எழுதியதை எடுத்துக் காட்டு.

வேலை என்னவென்று தெரிந்துகொண்டு வாருங்கள்

"எனக்கு நாலு பேரோடு பழகப் பிடிக்கும்" என்பதுதான் நேர்காணல்களில் அதிகம் கேட்கும் பதில். தொடக்க நிலை ஊழியரின் நாளில் பழகுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. காலையில் கிளையன்டைப் பற்றியும் போட்டியாளர்களைப் பற்றியும் வந்த செய்திகளைத் தேடித் தொகுத்து, அலுவலகம் முழுதாக விழிக்கும் முன் அனுப்ப வேண்டும். பிறகு மீடியா லிஸ்ட்டைச் சரிபார்க்க வேண்டும்: எந்த நிருபர் வேறு நாளிதழுக்குப் போய்விட்டார், யார் கல்வியிலிருந்து வணிகத்துக்கு மாறினார் என்பதெல்லாம் அதில் அடங்கும். நடுவில் ஒரு செய்திக் குறிப்பின் முதல் வரைவு, ஒரு கூட்டத்தின் குறிப்புகள், அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்ததா என்று விசாரித்து நாலைந்து போன் அழைப்புகள். பல கிளையன்ட்களுக்கு வேலை செய்யும் ஏஜென்சியாக இருந்தால் மாலையில் எந்த கிளையன்டுக்கு எவ்வளவு நேரம் செலவானது என்று டைம்ஷீட் நிரப்ப வேண்டும். பகட்டான விருந்துகளும் மேடை வெளிச்சமும் வேண்டுமென்றால் நிகழ்ச்சி மேலாண்மைப் பக்கம் போவது நல்லது.

விளம்பரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். விளம்பரத்தில் இடத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். நாம் சொல்வது அப்படியே வரும். பி.ஆரில் இடத்தைச் சம்பாதிக்கிறோம். என்ன வர வேண்டும் என்பதை ஆசிரியர் குழு முடிவு செய்யும். அதனால்தான் வாசகர் அதை அதிகம் நம்புகிறார்.

இந்தத் தொழிலின் அடிப்படையைப் புரிந்துகொள்ள 1906ஆம் ஆண்டின் ஒரு நிகழ்வு போதும். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் அன்றைய ரயில் கம்பெனிகளின் வழக்கம். அந்த கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ முன்பு நிருபராக வேலை பார்த்தவர். நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நிருபர்கள் சம்பவ இடத்துக்குப் போகவும் ஏற்பாடு செய்தார். நியூயார்க் டைம்ஸ் அந்த அறிக்கையை அப்படியே அச்சிட்டது. முதல் பிரஸ் ரிலீஸ் (செய்திக் குறிப்பு) என்று பரவலாகக் குறிப்பிடப்படுவது அதுதான். நிருபர் எப்படியும் எழுதத்தான் போகிறார், தகவல் நம்மிடமிருந்து போனால் சரியாகப் போகும் என்ற கணக்கு இன்றைக்கும் மாறவில்லை.

எந்தக் கதவு உங்களுக்கு?

கதவுகள் பொதுவாக இரண்டு. ஒன்று ஏஜென்சி. இன்னொன்று ஒரு நிறுவனத்தின் அல்லது அமைப்பின் உள்ளேயே இருக்கும் கம்யூனிகேஷன்ஸ் பிரிவு. மருத்துவமனை, பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம், வங்கி, விளையாட்டுச் சங்கம், அரசுத் துறை என்று இது எங்கும் இருக்கும். அரசு வேலைகளுக்கு மட்டும் தனியான அறிவிப்பும் தேர்வும் இருக்கலாம்; அதைத் தனித்தடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களை எடுத்துப் பழக்குவது ஏஜென்சிகளில்தான் அதிகம். ஒரே வாரத்தில் மருந்து, மென்பொருள், சுற்றுலா என்று மூன்று உலகங்களைப் பார்த்துவிடலாம். நேரக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு அது ஒத்துவராது. உள் பிரிவுகளில் வேகம் சற்றுக் குறைவு, ஆழம் அதிகம். ஆனால் குழு சின்னதாக இருப்பதால் ஏற்கனவே வேலை தெரிந்தவரைத்தான் தேடுவார்கள். என்னைக் கேட்டால், நாலைந்து பேர் மட்டும் இருக்கும் சின்ன ஏஜென்சியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பெரிய இடத்தில் பல மாதங்கள் கவரேஜ் ரிப்போர்ட் (கிளையன்டைப் பற்றி வந்த செய்திகளின் தொகுப்பு) மட்டுமே தயாரித்துக்கொண்டிருக்க நேரலாம். சின்ன இடத்தில் ஆள் பற்றாக்குறையே உங்களை முதல் மாதத்தில் நிருபரோடு பேச வைத்துவிடும்.

தேடும்போது "பப்ளிக் ரிலேஷன்ஸ்" என்று மட்டும் தட்டினால் பாதி வேலைகள் கண்ணில் படாது. அக்கவுன்ட் கோஆர்டினேட்டர், அக்கவுன்ட் எக்ஸிக்யூட்டிவ் (இது கணக்கு எழுதும் வேலை இல்லை, ஒரு கிளையன்டைக் கவனித்துக்கொள்ளும் வேலை), கம்யூனிகேஷன்ஸ் அசிஸ்டென்ட், மீடியா ரிலேஷன்ஸ், கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ், இன்டர்னல் கம்யூனிகேஷன்ஸ், பப்ளிக் அஃபேர்ஸ் என்று எல்லாப் பெயரிலும் தேடுங்கள். சமூக ஊடகப் பொறுப்புள்ள வேலைகளில் பாதி பி.ஆர். வேலை ஒளிந்திருப்பதும் உண்டு.

எழுத்து: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். புதியவர் எழுதிய செய்திக் குறிப்பு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்:

"சமூக நலனில் என்றும் முன்னோடியாகத் திகழும் எங்கள் அமைப்பு, தனது வெற்றிப் பயணத்தின் மற்றுமொரு மைல்கல்லாக, மாபெரும் ரத்ததான முகாம் ஒன்றை நடத்தவிருப்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது."

எந்த நாள்? எந்த இடம்? யார் வரலாம்? ஒன்றும் இல்லை. இதைச் செய்தியாக்க வேண்டுமென்றால் உதவி ஆசிரியர் போன் போட்டுக் கேட்க வேண்டும். அவர் போட மாட்டார். அடுத்த மின்னஞ்சலைத் திறப்பார். அதே முகாம், இப்படி எழுதினால்:

"வரும் சனிக்கிழமை காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மத்திய நூலக வளாகத்தில் ரத்ததான முகாம் நடைபெறுகிறது. 18 வயது நிரம்பியவர்கள் முன்பதிவு இல்லாமல் வரலாம். ஓ நெகட்டிவ் ரத்தத்தின் கையிருப்பு குறைந்திருப்பதால் அந்த வகையினர் அவசியம் வர வேண்டும் என்று அமைப்பினர் கேட்டுக்கொண்டுள்ளனர்."

இடம் குறைவாக இருந்தால் கடைசி வாக்கியத்தை வெட்டிவிட்டுப் போடலாம். இன்னும் குறைவென்றால் முதல் வாக்கியம் மட்டுமே போதும். தலைகீழ் பிரமிடு என்று இதழியலில் சொல்வது இதைத்தான். முக்கியமானது மேலே, விவரம் கீழே, எங்கே வெட்டினாலும் செய்தி சாகாது. பிறகு பொறுப்பில் இருப்பவரின் மேற்கோள் ஒன்று. அதில் "மகிழ்ச்சி அடைகிறோம்" என்பதைத் தவிர வேறு ஏதாவது இருக்க வேண்டும். கடைசியில் அமைப்பைப் பற்றி நாலு வரி. பாய்லர்பிளேட் என்பார்கள், ஒவ்வொரு குறிப்பிலும் மாறாமல் வரும். அதன் கீழே தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர், எண், மின்னஞ்சல். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு நல்ல வழி. பெரிய நிறுவனங்களின் இணையதளத்தில் நியூஸ்ரூம் என்றோ பிரஸ் என்றோ ஒரு பக்கம் இருக்கும். அங்கிருந்து ஒரு செய்திக் குறிப்பை எடுங்கள். அதே விஷயம் நாளிதழில் எப்படி வந்தது என்று தேடி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது தப்பியது, எது வெட்டப்பட்டது? எண்களும் தேதிகளும் தப்பியிருக்கும். "புரட்சிகரமான", "இணையற்ற" போன்றவை போயிருக்கும். நிறுவனம் மூன்றாம் பத்தியில் புதைத்து வைத்ததை நிருபர் தலைப்பாக்கியிருந்தால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். பத்துக் குறிப்புகளை இப்படிப் பார்த்துவிட்டால் செய்தி உணர்வு என்பது மர்மமாகத் தெரியாது. இந்த ஒப்பீட்டையே இரண்டு பக்கமாக எழுதி வைத்தால் நேர்காணலில் எடுத்துக் காட்ட ஒரு பொருளும் ஆயிற்று.

காட்டுவதற்குச் சில மாதிரிகள்

நாலைந்து மாதிரிகள் போதும், இருபது வேண்டாம். ஒரு செய்திக் குறிப்பு. ஒரு நிருபருக்கு அனுப்புவதுபோல் ஒரு பிட்ச், அதாவது "இது உங்கள் வாசகர்களுக்கு ஏன் இப்போது முக்கியம்" என்று 150 வார்த்தைக்குள் சொல்லும் மின்னஞ்சல். ஒரே செய்தியை ஊழியர் மடலுக்கும் சமூக ஊடகத்துக்கும் மாற்றி எழுதியது ஒன்று. ஒரு நெருக்கடி வந்தால் நிருபர்கள் கேட்கக்கூடிய கடினமான கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் ஒன்று. இந்தக் கடைசி மாதிரியைப் புதியவர்கள் அதிகம் செய்வதில்லை. அதனாலேயே அது எடுபடும்.

உண்மையான வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. மாணவர் அமைப்பு, நூலகம், நாடகக் குழு, விலங்குகளை மீட்கும் தன்னார்வலர்கள் என்று எல்லோரும் ஏதோ ஒரு நிகழ்ச்சி நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். செய்தியை எழுதி அனுப்பத்தான் அவர்களிடம் ஆள் இல்லை. "ஏதாவது உதவி வேண்டுமா" என்று பொதுவாகக் கேட்டால் "சொல்கிறோம்" என்று பொதுவாகவே பதில் வரும். "அடுத்த மாத நிகழ்ச்சிக்கு நான் செய்திக் குறிப்பு எழுதி, உள்ளூர் ஊடகங்களுக்கு அனுப்பி, வந்த செய்திகளைத் தொகுத்துத் தருகிறேன்" என்று கேளுங்கள். ஒரு சின்ன நாளிதழில் நாலு வரி வந்தாலும் அது உங்கள் கவரேஜ்தான்.

இங்கே நேர்மை முக்கியம். யாரும் கேட்காமல் நீங்களாக எழுதிய மாதிரி என்றால் மேலே "பயிற்சிக்காக எழுதியது" என்று போட்டுவிடுங்கள். இன்டர்ன்ஷிப்பில் பார்த்த உள் ஆவணங்களை அனுமதியில்லாமல் போர்ட்ஃபோலியோவில் சேர்க்காதீர்கள். போன இடத்து ரகசியத்தைக் காட்டுகிறவர் நாளை நம் ரகசியத்தையும் காட்டுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

வந்த செய்திகளை அளப்பது பற்றியும் ஒரு வார்த்தை. இத்தனை சென்டிமீட்டர் செய்தி வந்தது, அதே இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் இவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குக் காட்டும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பி.ஆர். வேலையை எப்படி அளப்பது என்று 2010இல் வெளியான பார்சலோனா கொள்கைகள், இந்த விளம்பர மதிப்புக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. கேட்கிற கிளையன்ட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் மாதிரியில் அந்தக் கணக்கைப் போடாதீர்கள். செய்தி வந்த பிறகு எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் விசாரித்தார்கள் என்று காட்ட முடிந்தால் அதைக் காட்டுங்கள்.

வேலை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது

லிங்க்டுஇன்னும் வேலைவாய்ப்புத் தளங்களும் எல்லோருக்கும் தெரியும். அவற்றில் அறிவிப்பு வரும்படி செய்துவிட்டு நகருங்கள். இன்னும் இரண்டு வழிகள் உண்டு. பிடித்த முப்பது நிறுவனங்களின் செய்திக் குறிப்புகளைத் திறந்து அடிப்பகுதியைப் பாருங்கள். ஊடகத் தொடர்புக்கு என்று ஒரு பெயர் இருக்கும். பல இடங்களில் ஏஜென்சியின் பெயரும் இருக்கும். எந்தத் துறையை எந்த ஏஜென்சி கையாளுகிறது என்ற வரைபடம் ஓரிரு நாளில் கையில் வந்துவிடும். அந்தத் தொடர்பு நிருபர்களுக்கானது என்பதால் அந்த எண்ணுக்கே வேலை கேட்டு அழைக்காதீர்கள். ஏஜென்சியின் வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போங்கள். அடுத்தது, துறைச் செய்திகள். ஓர் ஏஜென்சி புதிய கிளையன்டை வென்றது என்று செய்தி வந்தால், அங்கே சீக்கிரமே ஆள் தேவைப்படக்கூடும். விளம்பரம் வருவதற்கு முன் எழுதுங்கள்.

தொழில்முறைச் சங்கங்களையும் விட்டுவிட வேண்டாம். அமெரிக்காவில் 1947இலும் பிரிட்டனில் 1948இலும் இந்தியாவில் 1958இலும் மக்கள் தொடர்பாளர் சங்கங்கள் தொடங்கப்பட்டன. இன்று பல நாடுகளில் அப்படி அமைப்புகள் இருக்கின்றன. மாணவர் உறுப்பினர் கட்டணம் பல இடங்களில் குறைவாக இருக்கும். கூட்டத்துக்குப் போனால் வேலை கேட்காதீர்கள்; "உங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன?" என்று கேளுங்கள். எதைக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்பது அந்தப் பதிலில் இருக்கும்.

இன்டர்ன்ஷிப் என்றால் எத்தனை மாதம், என்ன வேலை, உதவித்தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை தருவதற்கு உங்களிடமே பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள்.

விண்ணப்பம்

வேறு துறையில் விண்ணப்பத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்தால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். இங்கே விண்ணப்பமே உங்கள் முதல் வேலை மாதிரி. நிறுவனத்தின் பெயரைத் தப்பாக எழுதியவரின் ரெஸ்யூமேயைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஒரே மின்னஞ்சலை இருபது ஏஜென்சிகளுக்கு, எல்லோர் முகவரியும் தெரியும்படி அனுப்புகிறவர்களும் உண்டு. நிருபர்களுக்கும் இப்படித்தான் அனுப்புவார் போல என்று படிப்பவர் முடிவுகட்டிவிடுவார்.

கடிதம் குறுகியதாக இருக்கட்டும். இந்த அளவு போதும்:

"வணக்கம். உங்கள் ஏஜென்சி சென்ற மாதம் வெளியிட்ட மின்சார சைக்கிள் அறிமுகக் குறிப்பைப் படித்தேன். மூன்று நாளிதழ்கள் விலையைத் தலைப்பாக்கியிருந்தன; ஒன்று மட்டும் பேட்டரி திரும்பப் பெறும் திட்டத்தை எடுத்திருந்தது. அந்த இரண்டாவது கோணத்தைச் சுற்றுச்சூழல் நிருபர்களுக்குத் தனியாகக் கொண்டுபோயிருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு பிட்ச் எழுதிப் பார்த்தேன், இணைத்திருக்கிறேன். அக்கவுன்ட் கோஆர்டினேட்டர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்."

இதில் "கடின உழைப்பாளி", "குழுவாகச் செயல்படுபவன்" எதுவும் இல்லை. கவனிக்கிறவர், யோசிக்கிறவர், எழுதத் தெரிந்தவர் என்பது தானாகவே தெரிகிறது. ஒன்றில் மட்டும் கவனம்: குறை சொல்லும் தொனி வந்துவிடக் கூடாது. அந்தக் குறிப்பை எழுதியவரே உங்கள் மின்னஞ்சலைப் படிக்கக்கூடும்.

ரெஸ்யூமே ஒரு பக்கம். "நிகழ்ச்சியின் ஊடகப் பணிகளைக் கவனித்தேன்" என்ற வரியால் பயனில்லை. "செய்திக் குறிப்பு எழுதி 12 நிருபர்களுக்கு அனுப்பினேன்; 2 நாளிதழ்களிலும் 1 வானொலியிலும் செய்தி வந்தது" என்றால் பயனுண்டு. தெரிந்த மொழிகளை, படிக்க மட்டும் தெரியுமா, எழுதவும் வருமா என்று பிரித்துப் போடுங்கள். இரண்டு மொழியில் சரளமாக எழுதத் தெரிந்தவர் இந்தத் துறையில் எளிதில் கிடைப்பதில்லை.

எழுத்துத் தேர்வும் நேர்காணலும்

பல ஏஜென்சிகள் ஒரு எழுத்துத் தேர்வு வைக்கும். ஒரு பக்கத் தகவலைக் கொடுத்து முக்கால் மணி நேரத்தில் செய்திக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். கொடுத்த தகவலில் வேண்டுமென்றே ஓட்டைகள் இருக்கலாம்: தேதியும் கிழமையும் பொருந்தாது, ஒருவரின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும், கூட்டுத்தொகை தப்பாக இருக்கும். அவற்றை நீங்களே ஊகித்துத் திருத்தாதீர்கள். அந்த இடத்தில் "கிளையன்டிடம் உறுதிசெய்ய வேண்டும்" என்று குறித்து விடுங்கள். மேற்கோள் எழுத வேண்டியிருந்தால் "ஒப்புதலுக்கு" என்று போடுங்கள். மேற்கோளை நாம் வரைவு செய்வது இந்தத் தொழிலில் சகஜம். உரியவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் வெளியே அனுப்புவதுதான் குற்றம். ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா என்று தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள். வேலையில் சேர்ந்த பிறகும், கிளையன்டின் வெளிவராத தகவலை அனுமதியில்லாமல் அப்படிப்பட்ட தளத்தில் ஒட்டக்கூடாது.

நேர்காணலில் "கோபமாக ஒரு நிருபர் போன் செய்து, உங்கள் கிளையன்டைப் பற்றி ஒரு புகார் கேட்கிறார், என்ன செய்வீர்கள்?" என்று கேட்கக்கூடும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் தோற்றீர்கள். அவர் பெயர், ஊடகம், சரியாக என்ன கேள்வி, எத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்று குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்குள் திரும்ப அழைப்பதாகச் சொல்லி, மேலதிகாரியிடம் உடனே கொண்டுபோவேன் என்பதுதான் தொடக்க நிலையில் இருப்பவர் சொல்லக்கூடிய சரியான பதில். "கருத்துச் சொல்ல விரும்பவில்லை" என்று வைத்துவிட்டால், நாளை அந்த வாக்கியமே செய்தியில் வரும்.

பிடித்த நெருக்கடி மேலாண்மை உதாரணம் கேட்டால் ஜான்சன் அண்ட் ஜான்சனின் வலி நிவாரணியான டைலெனாலைச் சொல்லாமலிருக்கப் பாருங்கள். 1982இல் சிகாகோ வட்டாரத்தில் சயனைடு கலக்கப்பட்ட மாத்திரையால் ஏழு பேர் இறந்ததும், ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றதும் முக்கியமான பாடம்தான். ஆனால் அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கடந்த சில மாதங்களில் செய்தியில் அடிபட்ட ஒன்றை எடுத்து, முதல் அறிக்கை எப்போது வந்தது, அதில் யாரிடம் பேசினார்கள், எதை விட்டார்கள் என்று சொல்லுங்கள். அன்றைய நாளிதழையும் படித்துவிட்டுப் போங்கள். "இன்று காலை என்ன படித்தீர்கள்?" என்ற கேள்விக்குத் திணறினால் மற்ற பதில்கள் எடுபடாது.

நீங்களும் கேளுங்கள். என் வரைவுகளை யார் திருத்துவார்கள்? ஒருவர் எத்தனை கிளையன்ட்களைப் பார்க்கிறார்? வார இறுதியில் போன் எடுக்கும் பொறுப்பு முறை வைத்து வருமா, எப்போதுமா? இதே இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே? திருத்துவதற்கு ஆளில்லாத இடத்தில் சேர்ந்தால் முதல் ஆண்டு வீண் என்பது என் கருத்து. சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் யோசிப்பேன்.

வேலைக் கடிதத்தோடு ரகசியக் காப்பு ஒப்பந்தமும் வரும், வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பங்குச்சந்தையில் உள்ள கிளையன்ட் என்றால், வெளிவராத செய்தியை வைத்து நீங்களோ நீங்கள் சொல்லி மற்றவரோ பங்கு வாங்கி விற்பது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம். வீட்டில்கூட அதைப் பேச வேண்டாம்.

கிடைக்கவில்லை என்று பதில் வந்தால், எழுத்துத் தேர்வில் எங்கே குறைந்தது என்று ஒரு வரி கேட்டு எழுதுங்கள். எல்லோரும் பதில் போட மாட்டார்கள். போடுகிறவர்கள் சொல்வது பயனுள்ளதாக இருக்கும். மூன்று மாதம் கழித்து, அந்தக் குறையைச் சரிசெய்த புதிய மாதிரி ஒன்றை இணைத்து அதே இடத்துக்குத் திரும்ப எழுதுங்கள். ஏஜென்சிகளில் கிளையன்ட் வருவதும் போவதும் நடந்துகொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு முன் நிரம்பியிருந்த நாற்காலி இப்போது காலியாக இருக்கலாம்.